மச்சான் பாட்டும் பேச்சியின் பதிலும்

ஓய்வுபெற்ற தாசில்தார் குற்றாலிங்கத்தின் வீட்டுக் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து சத்தமே வரவில்லை. பழி வேலைக்காரி பேச்சியின் மேல் விழுந்தது.

"நீ ஈரத்துணியால துடைச்சுத்தான் கெட்டுப்போச்சு. சாயங்காலத்துக்குள்ள சத்தம் வரணும். வரலைன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்!" என்றார் ஐயா.

இந்த ஒரு வேலையில்தான் பேச்சி வீட்டில் உலை கொதித்தது. அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஐயாவை நன்றாகத் தெரியும். வீட்டுக்கார அம்மா காப்பியோடு உள்ளே வரும்வரை பொறுத்திருந்தாள்.

"ஐயா, நேத்து அம்மாவோட அண்ணன் வீடியோ கால்ல பாடினாங்கள்ல, அப்ப நீங்க ஒரு பொத்தானை அமுக்கிட்டுத்தானே 'பிரமாதம், பிரமாதம்'னு தலையாட்டினீங்க? அதையே இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்களேன்."

அம்மா காப்பி டம்ளரை மேசைமேல் வைத்தாள். அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது.

ஐயாவின் விரல் மெதுவாகப் போய் ஒரு பொத்தானை அமுக்கியது. கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"சத்தம் வந்துட்டுதா? அண்ணனைக் கூப்பிடுங்க. நேத்துப் பாட்டை முதல்லேருந்து பாடட்டும்" என்று அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நாளைக்கு வழக்கம்போல வரட்டுமாய்யா?" என்றாள் பேச்சி.

ஐயா தலையை மட்டும் ஆட்டினார்.

பாட்டு ஆரம்பித்ததும் அவள் துடைப்பத்தோடு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.