ஏழாவது கல்

சுத்தி வளைக்காமல் சொல்கிறேன். ஒரு ஆன்லைன் கேம் டீம். லீடர் கதிரேசன் மந்திரவாதியாக ஆடுவார், வாய் ஊரைவிடப் பெருசு. டெனிலா அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் வைத்தியச்சி. கீறல் விழுந்த போனில் ஆடுவாள். கூட்டாளி என்று அவளுக்கு இருந்தது அந்த டீம் மட்டும்தான்.

கோட்டைக்குள் நடக்கும் டிராகன் சண்டைக்கு முன்னால் கதிரேசன் உத்தரவு போட்டார். "என் மந்திரக்கோல்ல ஆறு குழி இருக்கு. நீ கல் பதிச்சுக் குடு. நெருப்பும் உச்சத்துல இருக்கணும், நான் சாகவும் கூடாது. முடியலன்னா டீம விட்டுக் கிளம்பு."

நடக்கிற காரியமா அது? ஆறிலும் தீக்கல் வைத்தால் உயிர்க்கல்லுக்கு இடமில்லை, ஒன்றில் உயிர்க்கல் வைத்தாலும் நெருப்பு உச்சத்தைத் தொடாது. டெனிலா ஆறிலும் தீக்கல்லையே பதித்தாள்.

"உயிர்க்கல் எங்க?"

"அது ஏழாவது, அண்ணே. இருக்கு, கண்ணுக்குத் தெரியாது."

சண்டையில் கதிரேசன் நெருப்பாய்க் கொட்டினார். டிராகன் எத்தனை அடி அடித்தும் அவர் சாகவில்லை. உடனே தலைக்கனம். "பாத்தீங்களா, எல்லாம் என் கைத்திறமை! பின்னாடி சும்மா நிக்கிற இவ எதுக்கு?" சண்டை நடுவிலேயே அவளை டீமிலிருந்து தூக்கினார்.

டிராகன் ஒரே ஒரு ஊது ஊதியது. மந்திரவாதி கரிக்கட்டை.

"ஏழாவது கல் எங்க போச்சு?" என்று எல்லாரும் பார்க்கும் சாட்டில் கத்தினார்.

"இப்பத்தான் நீங்களே கழட்டி எறிஞ்சீங்க, அண்ணே."

டீமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் அவளைத் திரும்பச் சேர்க்கும் பட்டன் லீடரிடம்தான் இருக்கிறது. அவர் அமுக்கவில்லை. அமுக்குங்க என்று சொல்ல, சிரித்த வாய் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கோட்டைக் கதவுக்கு வெளியே டெனிலா இன்னும் தனியாக நிற்கிறாள்.