இன்னும் போடாத கோடு

மகளின் கவுனிலிருந்து இரும்புக் கொக்கிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் மிஷின் பெரிய காந்தம். இரும்பு உள்ளே போகக் கூடாது. கொக்கிக்குப் பதில் நாடா வைத்துத் தைக்க வேண்டும்.

இதழினி பக்கத்து அறையில், ஜட்டியோடு, மிஷின் மாதிரியே செய்த ஒரு துணிக் குகைக்குள் அசையாமல் படுக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஐந்து வயது. நோய் ஒன்றும் கிடையாது. நோயில்லாத பிள்ளைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று அளந்து பார்க்கத்தான் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். வெறும் படம் இல்லை. மிஷின் எண்ணும் சொல்லுமாம்.

அந்த எண்ணை நினைத்து ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் ஹெப்சிபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"டாக்டரம்மா, இவளுக்கு எத்தனை வரும்?"

"ஏன் கேக்கறீங்க?"

"மூணு வயசு வரைக்கும் இவ பேசலை. வீட்டுல மந்தம்னு சொல்றாங்க. என் ஓரகத்தி மகன் போன வாரம் இங்க வந்துட்டுப் போனான். அவனுக்கு நூத்துக்கு நூறுன்னு அந்த அக்கா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க."

அவர் என் பையை எட்டிப் பார்த்தார்.

"அந்த டப்பால என்ன?"

"வல்லாரைத் துவையல். ஒரு வாரமா அதைத்தான் ஊட்டறேன்."

"பாவம் பிள்ளை."

"நாக்கு பச்சையாவே ஆயிடுச்சு," என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார். கீழே வயது. ஓரத்தில் மிஷின் சொன்ன எண். நடுவில் கடுகு சிந்தின மாதிரி புள்ளிகள். ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி.

"இதுல உங்க அக்கா மகன் எது?"

"எப்படித் தெரியும்? பேரே இல்லையே."

"எனக்கும் தெரியாது. பேரை எடுத்துருவோம்."

தாளை இப்படியும் அப்படியும் திருப்பினேன். அங்கன்வாடியில் எடை போடுகிற அட்டையில் கோடு இருக்கும். இதழினி எப்போதும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். டீச்சர் என்னைத் திட்டுவார்.

"இதுல கோட்டைக் காணோமே டாக்டரம்மா. எதுக்குக் கீழ போனா மந்தம்?"

"கோடு இன்னும் போடலை."

"ஏன்?"

"இந்தப் புள்ளிங்க எல்லாம் சேர்ந்தாத்தான் கோடு. இதழினி புள்ளியும் வரட்டும்னு இருக்கேன்."

என் கையில் ஊசி நின்றது.

அவர் எழுந்து போனார். போகும்போது துவையல் டப்பாவையும் எடுத்துக்கொண்டார்.

நாடாவில் கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். வீட்டுக்குப் போனதும் ஓரகத்தியிடம் என்ன சொல்வதென்று தெரிந்துவிட்டது. அக்கா, உங்க மகனும் என் மகளும் சேர்ந்துதான் அந்தக் கோட்டையே—

"இதழினி அம்மா, பிள்ளை ரெடி. கவுனைக் கொண்டாங்க."