மருதமடுவில் தண்ணீர் திருடியது யார்?

மலையடிவாரக் காட்டில் மருதமடு என்று ஒரு மடு இருந்தது. அதைச் சுற்றி ஏழு மருத மரங்கள் நின்றன. மேற்குக் கரையில் மூன்று, கிழக்குக் கரையில் நான்கு.

அந்த மடுவை நம்பிப் பல விலங்குகள் வாழ்ந்தன. உழுவன் என்ற காட்டுப்பன்றி தன் குடும்பத்தோடு தினமும் அங்கே சேற்றில் புரள வருவான். ஒரு பெண் கடமான் தன் கன்றோடு வருவாள். சிலுப்பி என்ற முள்ளம்பன்றிக்கு வளையே கிழக்குக் கரையில்தான், ஒரு மருத மரத்தின் அடியில். அவளுக்கு இரண்டு குட்டிகள். அதே மரத்தின் உச்சியில் செம்பி என்ற மலையணில் கூடு கட்டியிருந்தாள்.

இரண்டு வருடமாக மழை பொய்த்துவிட்டது. மடு சுருங்கிக்கொண்டே வந்தது. கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்தது. மருத மரங்கள் இலைகளைக் கொத்துக் கொத்தாக உதிர்த்தன.

ஒருநாள் மாலை உழுவன் எல்லாரையும் கூப்பிட்டான்.

"நம் தண்ணீரை ஒரு திருடன் குடிக்கிறான்! கண்டுபிடித்துவிட்டேன்!" என்றான்.

"யார் அண்ணே அது? யானைக் கூட்டமா?" என்று கேட்டாள் கடமான்.

"யானையும் இல்லை, பூனையும் இல்லை. காலையில் இந்தப் பாறையின் கழுத்து வரை தண்ணீர் நின்றது. பகல் முழுக்க நான் இங்கேயே படுத்திருந்தேன். ஒருவரும் வாய் வைக்கவில்லை. இப்போது பார்! நான்கு விரல் குறைந்திருக்கிறது. நாளைக் காலையில் ஒரு விரல் ஏறியிருக்கும். மூன்று நாளாகப் பார்க்கிறேன். பகலில் மட்டும் குடித்துவிட்டு, இருட்டியதும் நிறுத்திக்கொள்கிறவன் யார்? இதோ, வேரை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறதே, இந்த மரம்தான்!"

எல்லாரும் மருத மரங்களை அண்ணாந்து பார்த்தார்கள்.

மேலே இருந்து செம்பி கத்தினாள். "மரம் குடிப்பது உண்மைதான் அண்ணே! ஆனால் முன்பு போலக் குடிப்பதில்லை. உச்சிவேளையில் மேலே வந்து இலையைத் தொட்டுப் பாருங்கள். துவண்டு தொங்கும். வாயை இறுக்க மூடிக்கொண்டு மரம் சும்மா நிற்கிறது. அதிகம் குடிக்க வேண்டாமென்றுதான் இலையையே கொட்டுகிறது. என் கூட்டுக்கு மறைப்பே போய்விட்டது, நான் குறை சொன்னேனா?"

"உனக்கென்ன! நீ அதன் உச்சியில் குடியிருக்கிறாய். அதற்காகத்தான் பேசுவாய்!" என்றான் உழுவன்.

பிறகு சிலுப்பியின் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, என் பல் மண்ணைக் கிளறத்தான் உதவும். உன் பல் மரப்பட்டையை அறுக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிடு, போதும். மரம் தானாகச் செத்துவிடும். தண்ணீர் நமக்கு மிஞ்சும்!"

சிலுப்பி தயங்கினாள்.

"உன் சின்னக் குட்டியைப் பார்த்தாயா? நாக்கு வெளுத்துக் கிடக்கிறது" என்றான் உழுவன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பெற்றவள் அல்லவா! சிலுப்பி மேற்குக் கரைக்குப் போனாள். மூன்றே நாளில் மூன்று மரங்களையும் சுற்றி வளையம் போட்டு முடித்தாள். அந்த மரங்கள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு நீர் கசிந்து காய்ந்தது.

இருபது நாளில் மூன்று மரங்களும் மொட்டையாயின. அதற்குப் பிறகு உழுவன் சொன்னபடியே நடந்தது! மாலையில் பாறையைப் பார்த்தார்கள். இரண்டு விரல்தான் குறைந்திருந்தது.

"பார்த்தீர்களா! பார்த்தீர்களா!" என்று உழுவன் சேற்றில் குதித்தான். அவன் மனைவி மக்களும் குதித்தார்கள். கடமான்கூட, "உழுவண்ணனுக்குத் தலை நிறைய மூளை!" என்றாள்.

சந்தோஷம் ஐந்து நாள்தான் நீடித்தது.

மேற்கு வெயிலை இத்தனை காலமும் அந்த மூன்று மரங்கள்தான் தடுத்துக்கொண்டிருந்தன. இப்போது மதியம் தொடங்கிப் பொழுது சாயும் வரை வெயில் நேராக மடுவுக்குள் இறங்கியது. தண்ணீர் கொதிக்க வைத்தது போலச் சுட்டது. கெண்டை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. பச்சைப் பாசி படர்ந்து நாறியது. தினமும் ஐந்து விரல், ஆறு விரல் என்று குறைந்தது. பத்தாவது நாள் பாறையின் அடியே தெரிந்தது. பன்னிரண்டாவது நாள் மடுவில் தண்ணீர் இல்லை. வெறும் சேறு.

கடமானின் கன்று எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டது. சிலுப்பியின் சின்னக் குட்டி கண்ணைத் திறக்கவில்லை.

உழுவன் மட்டும் பிடிவாதமாக இருந்தான். "மூன்றைக் கொன்றது போதாது. கிழக்குக் கரையில் இன்னும் நான்கு திருடர்கள் நிற்கிறார்கள்! முடித்துவிடு சிலுப்பி!"

மறுநாள் விடிந்தும் விடியாத வேளை. சிலுப்பி தன் வளைக்கு மேலே நின்ற மரத்தையே கடிக்கத் தொடங்கினாள்.

செம்பி தலைகீழாக இறங்கி வந்தாள். "சிலுப்பியக்கா, வேண்டாம்! உன் குட்டிகள் பிறந்தது இந்த மரத்தின் அடியில்தானே!"

"அவை சாகக் கூடாது என்றுதான் கடிக்கிறேன்! வழி விடு!" என்று முள்ளைச் சிலிர்த்தாள் சிலுப்பி.

பாதி வளையம் வந்துவிட்டது. மறுபக்கத்தில் ஒரு தடித்த வேர் குறுக்கே நின்றது. அதற்கு அடியில் வாயை நுழைக்க இடம் வேண்டும். சிலுப்பி முன்னங்காலால் மண்ணைப் பறித்தாள்.

கால் சில்லென்றது.

அவள் நின்றாள். முகர்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பறித்தாள். மண் ஈரமாக இருந்தது! சுற்றிலும் காடே வறுத்த கடலை போலக் கிடக்கையில், இந்த வேரைச் சுற்றி மட்டும் மண் காலில் ஒட்டியது.

"செம்பி! இது எங்கிருந்து வந்தது?"

"எனக்கும் தெரியாதே அக்கா. நான் மேலேயே இருப்பவள்."

சிலுப்பி மேற்குக் கரைக்கு ஓடினாள். செத்த மரத்தின் அடியில் தோண்டினாள். புழுதி பறந்தது. மூச்சு வாங்கத் திரும்பி ஓடிவந்தாள். கிழக்குக் கரையின் இரண்டாவது மரத்தின் அடியில் தோண்டினாள். ஈரம்! மூன்றாவது மரத்தின் அடியில், நான்காவது மரத்தின் அடியில்! எல்லா இடத்திலும் ஈரம்!

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மரத்தின் ஆணிவேர், நகமும் கொம்பும் எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கிறது. பகலில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் மரம், வெயில் தாழ்ந்த பிறகு அந்த ஆழத்துத் தண்ணீரை மேலே இழுக்கிறது. அதில் கொஞ்சம் மேல்வேர்கள் வழியாகக் காய்ந்த மண்ணில் கசிகிறது. இத்தனை நாளும் அந்த ஈரத்துக்கு மேலேதான் அவள் குட்டிகளோடு படுத்துத் தூங்கியிருக்கிறாள்!

சிலுப்பி குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு வந்து அந்தக் குழியில் கிடத்தினாள். ஈர மண்ணில் கோரைக்கிழங்கு வாடாமல் இருந்தது. கடித்துப் பிழிந்து சின்னவனின் வாயில் வைத்தாள். நெடுநேரம் கழித்து அவன் நாக்கு அசைந்தது.

"அம்மா, இன்னும்" என்றான்.

சிலுப்பி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். தான் கடித்த பாதி வளையம் பச்சையாகத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்க நேரம் ஏது? ஓடிப்போய்க் கடமானை அழைத்து வந்தாள். உழுவனையும் அழைத்து வந்தாள்.

உழுவன் ஈர மண்ணை மோந்தான். அவன் காதுகள் தொங்கின.

"நான் பார்த்தது சரி. நினைத்ததுதான் தப்பு" என்றான். "மரம் எடுத்ததைப் பார்த்தேன். கொடுத்ததைப் பார்க்கவில்லை. என்னால்தான் மூன்று மரங்கள் போயின."

"கடித்தது என் பல் அண்ணே" என்றாள் சிலுப்பி.

"பழியைப் பிறகு பங்கு போடலாம்! என் கன்று படுத்துக் கிடக்கிறது. நான் என்ன செய்ய?" என்று தவித்தாள் கடமான்.

உழுவன் உடனே எழுந்தான். கிழக்குக் கரை மரங்களின் நிழல் விழுந்த மூலைக்கு இறங்கினான். வேரில் மூக்குப் படாமல், மெதுவாக, சேற்றைக் கிளறிக்கொண்டே போனான். முழங்கால் ஆழத்தில் ஊற்றுக் கண் திறந்தது. கலங்கல் தண்ணீர்தான், ஒரு மூங்கில் குவளை அளவுதான். ஆனால் கன்று குடித்தது. மறுநாள் காலை அதே அளவு ஊறியது. அதற்கு மறுநாளும்.

பாதி கடிபட்ட மரம் மட்டும் நோயாளி போல நின்றது. காயத்தை வண்டுகள் மொய்த்தன. மற்ற மரங்களைவிட அதிகமாக அது இலை உதிர்த்தது.

"வண்டு உள்ளே போனால் பிழைக்காது" என்றாள் செம்பி.

உழுவன் சேற்றுக்குப் போனான். உடம்பு முழுக்க நன்றாகப் பூசிக்கொண்டு வந்தான். காயத்தின் மேல் முதுகை வைத்துத் தேய்த்தான். சேறு அப்பிக்கொண்டது. வண்டுகள் விலகின. காய்ந்து உதிர்ந்தால் மறுபடி வந்து தேய்த்தான். அவன் மனைவி மக்களும் வரிசையில் நின்று தேய்த்தார்கள். கொம்பு உரச வந்த ஆண் கடமானை, "இந்த மரத்தில் கை வைக்காதே!" என்று பெண் கடமான் விரட்டினாள். செம்பி பட்டைக்கடியில் ஒளிந்த வண்டுப் புழுக்களை விரலால் நோண்டி எறிந்தாள். சிலுப்பி மரத்தடியை விட்டு நகரவே இல்லை.

ஊற்றுக் கண் திறந்த நாற்பதாவது நாள் மேகம் திரண்டது. மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மடு நிரம்பியது.

காடு முழுவதும் துளிர்த்தது. கிழக்குக் கரையில் மூன்று மரங்கள் துளிர்த்தன. மேற்குக் கரையில் மூன்றும் துளிர்க்கவில்லை. கடிபட்ட மரத்தைத்தான் எல்லாரும் தினமும் வந்து பார்த்தார்கள். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காலை செம்பி உச்சியிலிருந்து கத்தினாள்.

"வந்துவிட்டது! வந்துவிட்டது! இந்தப் பக்கம் துளிர் விட்டிருக்கிறது!"

கடிபடாத பக்கம் முழுக்கச் செம்பும் பச்சையுமாகத் துளிர். மறுபக்கம் வெறும் கிளை. பாதி மரம் பிழைத்துவிட்டது.

சிலுப்பி நான்கு மரங்களையும் சுற்றி வந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் மூக்கை வைத்தாள். "நீ கொடுத்த தண்ணீரால் என் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள்" என்றாள். பிறகு மேற்குக் கரைக்குப் போனாள். அங்கே போவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் போனாள். செத்த மரங்களில் தான் போட்ட வளையங்களின் மேல் மூக்கை வைத்தாள். உழுவனும் வந்து பக்கத்தில் நின்றான்.

காய்கள் உதிரும் காலம் வந்தது. உழுவன் மேற்குக் கரை முழுவதையும் மூக்கால் உழுது போட்டான். மருதங்காய்களைச் செம்பி கொண்டுவந்து போட்டாள். அடுத்த மழைக்கு அங்கே பதினோரு கன்றுகள் முளைத்தன.

ஒருநாள் சிலுப்பியின் சின்னக் குட்டி ஒரு கன்றின் அருகே போய் முகர்ந்தான். இளம்பட்டை. மணமாக இருந்தது. அவன் வாயில் எச்சில் ஊறியது.

"அம்மா, ஒரே ஒரு கடி!"

"கூடாது கண்ணே. உன் நாக்கு அசையாமல் கிடந்த அன்று, உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பிள்ளைகள் இவர்கள்."

குட்டி கன்றை ஒருமுறை பார்த்தான். அம்மாவை ஒருமுறை பார்த்தான். பிறகு கன்றின் அடியில் விழுந்திருந்த சருகுகளைக் காலால் அணைத்துக் கூட்டி, வெயில் படாமல் வேரை மூடிவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினான்.

நீதி: ஒருவர் நம்மிடமிருந்து எடுப்பதை மட்டும் அளந்து பார்த்துப் பகைக்காமல், அவர் ஓசையில்லாமல் நமக்குக் கொடுப்பதைத் தேடிக் கண்டு நன்றியோடு காக்க வேண்டும்.