எமனை முந்திய ஸ்கூட்டர்

பாளையங்கோட்டைப் பக்கம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் மாலை வட்டச் செயலாளர் ஆவுடையப்பனுடையதுதான். அதை வைத்தே ஓட்டு வாங்கிய மனுஷன். எதிர்க்கட்சிக்காரன் புது பைக் வாங்கிய பிறகு இரண்டு பிணம் கைநழுவிப் போயிற்று.

மழை தூறிய ஒரு மத்தியானம், தன் பெரிய ஸ்கூட்டரை மெக்கானிக் சுடலைமுத்துவின் கொட்டகைமுன் நிறுத்தினார்.

"எருமை மாதிரி கிளம்புதுடா. பாய வை. இனி எனக்கு முன்னால எவனாவது மாலை போட்டான்னா, புறம்போக்குல நிக்கிற உன் கொட்டகை இருக்காது."

சுடலைமுத்துவுக்குச் சோறும் கூரையும் அந்தக் கொட்டகைதான். பெல்ட் மூடியைத் திறந்து, கனத்த ரோலர்களை எடுத்துவிட்டு லேசானவற்றைப் போட்டான்; ரோலர் லேசானால் வண்டி எடுத்த எடுப்பிலேயே பாயும். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் வண்டி பாய்ந்த பாய்ச்சலில், துரத்திய நாயின் குரைப்பே பின்தங்கிவிட்டது.

அந்நேரம் போன் வந்தது. லாரி ஷெட் வைத்திருந்த பிச்சையா கிழவருக்கு மூச்சு இழுக்கிறதாம். மாலையைப் பிடிக்க சுடலைமுத்துவையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். உள்ளே போனார், விம்மினார், கண்மூடிக் கிடந்த கிழவர் கழுத்தில் மாலையைப் போட்டார்.

பிச்சையா கண்ணைத் திறந்தார். "என்ன ஆவுடை, அதுக்குள்ளயா?"

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மானம் போச்சேடா, பாவி," என்றார் ஆவுடையப்பன் வாசலில்.

"உங்களுக்கு முன்னால யாரும் மாலை போடலியே, அண்ணாச்சி. நம்ம வண்டியில குறையில்ல. எமன்தான் இன்னும் பழைய எருமையில வாராரு. கொட்டகைக்கு அனுப்புங்க, அதுக்கும் ரோலர் மாத்தித் தாரேன்."

விளக்கு வைக்கும் நேரத்தில் பிச்சையா போய்ச் சேர்ந்தார். முதல் மாலை கழுத்திலேயே கிடந்தது. கொட்டகையும் நின்றது.