கோடு பிசகாத குழியாள்

திருமருதங்காட்டுத் தேருக்கென்று வந்த முதல் அச்சுமரத்தைக் கெடுத்தவன் செங்கோடன். மரத்தின்மேல் நின்று அறுப்புவாளின் மேல்முனையைப் பிடிக்கும் மேலாள் அவன். அறுப்புக்கென்று மரத்தின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் இட்ட காவிக்கோட்டைப் பார்க்க வேண்டிய கண், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பாதி மரம் போவதற்குள் வாள் மூன்று விரற்கடை விலகிவிட்டது. செங்கோடன் மரத்தைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றிலும் எளிதான திசையைப் பார்த்தான். அது கீழே இருந்தது.

மரத்துக்குக் கீழே அறுப்புக்குழிக்குள் நின்று வாளின் மறுமுனையை இழுத்தவர் மருதவாணர். அப்படி இழுப்பவருக்குக் குழியாள் என்பது தொழிலில் பழைய பெயர். குழியில் நிற்பவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஊரார்தான் பொருள்களைக் கூட்டி வைத்திருந்தார்கள். கண் இருந்தும் காணாதவன் குழியாள். பிறர் இழுத்த இழுப்புக்கு ஆடுகிறவன் குழியாள். பெண் பார்க்க வந்தவனைப் பிடிக்காவிட்டால், குழியாள் மாதிரி இருக்கிறான் என்றால் போதும், பேச்சு முடிந்தது. தலைமுதல் கால்வரை மரத்தூளோடு அவர் மேலேறி வருகையில், இன்றைக்குத் திருநீறு கொஞ்சம் தூக்கலோ என்று கேட்பதைச் செங்கோடன் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவன் செய்த நித்திய பூசை அது ஒன்றுதான்.

இழுப்புக்கு ஒரு 'சிவசிவ' மருதவாணருடைய பூசை. தூள் விழும் என்பதால் கண் மூடியே இருக்கும்.

"குழியாள் இழுத்தது கோணல்," என்றான் செங்கோடன்.

தலைமைத் தச்சர் ஆதிமூலத்தார் குழிக்குள் குனிந்து, மெய்தானா என்று கேட்டார். மருதவாணர் மேலே நின்றவனைச் சற்றுப் பார்த்தார்.

"என் கையாகவே இருக்கட்டுங்க."

அவ்வூர்க் கட்டுப்பாடு பழையது. அச்சுமரத்தைக் கெடுத்தவன் மேலாளானால் வாளை ஒரேயடியாக இறக்கி வைத்துவிட வேண்டும். குழியாளானால் தேர்வடத்தைத் தொடலாகாது. வாளை மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் குழிக்குள் இறங்க வேறு ஆள் கிடைக்காது. வடத்துக்கு ஆகாத கை குழிக்கு ஆகும் என்றார்கள். ஆண்டெல்லாம் குழியில் நிற்பவருக்கு ஈசன் காரியத்தில் வெளிச்சத்தில் நின்று கைவைக்க வாய்த்தது தேரிழுக்கும் அந்த ஒரு நாள். அதுவும் போயிற்று. மறுநாள் இரண்டாவது மரம் வந்தது. அவர் அதே 'சிவசிவ'வோடு இறங்கினார். இந்த முறை செங்கோடன் கோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. தேருக்கு அச்சு ஆயிற்று.

தேர்நாளில் மருதவாணர் அறுப்புக்குழியின் ஓரமாக, எல்லாருக்கும் பின்னால் கைகூப்பி நின்றார். தேர் ஆடி அசைந்து வந்து நேரே குழிக்கு எதிரில் நின்றது. எத்தனை பேர் வடத்தில் தொங்கியும் நகரவில்லை. நெம்புமரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை தேடினார்கள். வீணான முதல் மரம் அங்கேதான் கிடந்தது. கெட்ட மரத்தை அதுவரை யார் புரட்டிப் பார்த்தார்கள்?

புரட்டினார்கள். மேல்முகத்தில் கோணிக்கொண்டு ஓடிய வாள்தடம், அடிமுகத்தில் காவிக்கோட்டின் மேலேயே ஓடியிருந்தது, மயிரிழை பிசகாமல். குழியாள் இழுத்த பக்கம் அது. ஆதிமூலத்தார் செங்கோடனைப் பார்த்தார். அவனுக்கு வேறு திசை அகப்படவில்லை.

"நான்தான்," என்றான்.

ஆதிமூலத்தார் வடத்தின் தலைப்பைத் தாமே எடுத்துப்போய் மருதவாணர் கையில் கொடுத்தார். அவர் தொட்டார். நெம்புமரம் போடும் முன்பே தேர் நகர்ந்தது.

செங்கோடன் அங்கே சார்த்தியிருந்த வாளைக் குழிக்கரையில் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து அவருக்குப் பக்கத்தில் வடம் பிடித்தான்.

"அண்ணே, அன்னைக்கே தெரியுமா?"

"வாள் சாய்ஞ்சா கைக்குத் தெரியாதா?"

"ஏண்ணே சொல்லல?"

"உன்னைத் தள்ளிட்டா மேலே நிக்க ஆளில்ல, தேர் நின்னு போயிரும். என்னைத் தள்ளினா தேர் ஓடும். அவ்வளவுதான்ப்பா."

மேலே நிற்பவர்கள் மறந்த கோட்டைக் கீழிருந்து காத்த குழியாளின் தூள் படிந்த திருவடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.