கலெக்டருக்கு ஒரு நிழல்

"உங்களுக்கு சோலார் குடுத்தது குரங்கு கையில பூமாலை குடுத்த மாதிரி. பத்து நாளா லைட் எரியலைன்னா, நீங்கதான் எதையோ நோண்டியிருக்கீங்க."

பொறியாளர் சிகாமணி மூன்றாம் முறையாக இதையே சொன்னார். படித்தவர் அல்லவா, திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று நம்பினார். உப்பளக் குடியிருப்பின் சோலார் பேனல்களைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், தூண்களுக்கு நடுவே மாட்டிய மேதையும் அவரேதான். இன்று நடக்கும் திறப்பு விழாவில் ரிப்பன் கலெக்டரின் கைக்கு எட்ட வேண்டுமாம்.

உப்பு வாரும் ஜெசிந்தா வாதாடவில்லை. மூச்சு முட்டும் மகளுக்கு ஆவி பிடிக்கிற மிஷின் கரண்ட் இல்லாமல் கிடந்தது. கலெக்டர் வந்து திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டால் அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

"கலெக்டருக்கு வெயிலே படாத இடமாப் பாத்து நாற்காலி போடு. ஒரு பொட்டு பட்டாலும் உன்னத்தான் கேப்பேன்," என்றார் சிகாமணி, ஒரு மரம்கூட இல்லாத உப்பளத்தில் நின்றுகொண்டு.

"போட்டுட்டாப் போச்சு சார்."

கலெக்டர் வந்து உட்கார்ந்தார். "நல்ல நிழலா இருக்கே. யாரு பாத்த இடம்?"

"சிகாமணி சார்தான்யா," என்றாள் ஜெசிந்தா. " எங்க ஊர்லயே வெயில் எட்டாத இடம் இது ஒண்ணுதான். அதான் சோலாரையும் இங்கயே மாட்டிட்டாரு."

கலெக்டர் தன் பக்கத்திலிருந்த பேனலைப் பார்த்தார். பிறகு சிகாமணியைப் பார்த்தார்.

"இப்பவே கழட்டி, நீங்களே கூரையில ஏத்துங்க. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

உச்சி வெயிலில், தொந்தியும் பேனலுமாகப் பாதி ஏணியில் தொங்கியபடி சிகாமணி கேட்டார்:

"யாராவது ஏணியக் கொஞ்சம் பிடிச்சுக்கங்களேன்."