தவளைப் பாட்டும் முள்ளம்பன்றியின் கோபமும்

ஒரு காட்டில், குளக்கரை மருதமரத்தடியில் ஒரு வளை. அதில் சிலுப்பி என்றொரு முள்ளம்பன்றி தன் குட்டியோடு இருந்தாள். நல்லவள்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒரு சருகு கோணலாக விழுந்தால்கூடப் பொறுக்காது. முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு "சலக் சலக்" என்று சத்தம் போடும்.

முள்ளம்பன்றிகள் இரவெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டு விடிந்ததும் தூங்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, குழந்தைகளே? சிலுப்பியின் குட்டி மட்டும் லேசில் தூங்காது. புரளும், சிணுங்கும், தாயின் உயிரை வாங்கும். மருதமரத்து உச்சியில் கரிச்சான்குருவி வந்து உட்கார்ந்து பாடினால்தான் அடங்கும்.

"விடிஞ்சாச்சு, விடிஞ்சாச்சு, வேரடியில் வெயில் வந்தாச்சு..." என்று அந்தப் பாட்டு தொடங்கும். கரிச்சான் இரண்டாவது அடிக்குப் போவதற்குள் குட்டி தூங்கிவிடும். குட்டி தூங்கினால் சிலுப்பியும் அப்படியே தூங்கிப்போவாள்.

அந்த மரத்தில் பாடுவது கரிச்சானுக்குச் சும்மா கிடைத்த உரிமை இல்லை. ஆண்டுதோறும் மழை தொடங்கும் நாளில் விலங்குகள் எல்லாம் குளக்கரையில் கூடி, ஒரு பாட்டைக் 'காட்டுப்பாட்டு' என்று தேர்ந்தெடுக்கும். எவருடைய பாட்டு தேறுகிறதோ அவருக்குத்தான் அடுத்த மழைவரை குளக்கரை. மற்றப் பாடகர்கள் அங்கே வாய் திறக்கக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாட வேண்டியதுதான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? அதில்தான் காலங்காலமாக வம்பு.

முன்னொரு காலத்தில், மயில் பாறைமேல் ஏறித் தோகை விரித்து எதைப் பாடுகிறதோ அதுவே காட்டுப்பாட்டு. மயிலின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. தோகையைப் பார்த்துக்கொண்டே காதைப் பொத்திக்கொள்வார்களாம்.

பிறகு மைனாக்களின் காலம் வந்தது. எந்தப் பாட்டை மைனாக்கள் கிளை கிளையாகக் கொண்டுபோகின்றனவோ அது தேறும். விடுவார்களா? பாடகர்கள் எல்லாம் மைனாக்களுக்கு அத்திப்பழம் ஊட்ட ஆரம்பித்தார்கள். தின்று தின்று மைனாக்கள் பறக்க முடியாமல் கொழுத்துப்போயின.

அப்புறம் குரங்குகளின் காலம். குரங்கு எந்தப் பாட்டுக்கு ஆடுகிறதோ அதற்குத்தான் மதிப்பு. ஆடுகிற ஆட்டத்தில் பாட்டை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மழைக்கு ஜெயித்த பாட்டில் சொல்லே கிடையாது, வெறும் "ஹோ ஹோ"தான். என்னத்தைச் சொல்ல!

கடைசியில் யானைப் பெரியம்மாவுக்கு அலுத்துவிட்டது. காட்டுப்பாட்டைத் தீர்த்துச் சொல்கிற பொறுப்பு அவளுடையது.

"போதும்டா சாமி!" என்று தும்பிக்கையைத் தூக்கினாள். "இனிமே பழமும் வேணாம், ஆட்டமும் வேணாம். எல்லாரும் குளத்துல ஒரு வாய் தண்ணி குடிங்க. நிமிர்ந்ததும் எந்தப் பாட்டு தானா வாயில வருதோ அதைப் பாடுங்க. யோசிக்கவே கூடாது. நிறைய வாயில வர்றதுதான் காட்டுப்பாட்டு."

அந்த முறையில்தான் கரிச்சானின் பாட்டு தேறியது. சிலுப்பியின் குட்டிக்குத் தூக்கமும் வந்தது.

அடுத்த மழைக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு காலையில், சிலுப்பி குட்டியை அணைத்துக்கொண்டு படுத்தாள். கரிச்சான் இன்னும் வரவில்லை. வளை வாசலில் யாரோ பாடுவது கேட்டது.

"கொறக் கொறக் குண்டான்,
குளத்துக்குள்ளே உருண்டான்,
கொறக் கொறக் குண்டான்,
குளத்துக்குள்ளே உருண்டான்..."

எட்டிப் பார்த்தாள். வாசல் குட்டையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அதன் குரல் இரண்டடி தள்ளிக் கேட்காது, அதனால் குளக்கரையில் அது வாய் திறந்தது வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் சிலுப்பியின் காது அந்த இரண்டடிக்குள்தானே இருக்கிறது!

"அட, நிறுத்துடா!" என்று சிலுப்பி கத்தினாள். தவளை குளத்தில் குதித்தது. அவள் படுத்ததும் மறுபடி வந்தது. துரத்தினாள். குதித்தது. மறுபடி வந்தது.

அன்று முழுக்கத் தாயும் தூங்கவில்லை, பிள்ளையும் தூங்கவில்லை.

சாயங்காலம் அந்த வழியாக நரி வந்தது. சிலுப்பி அதைப் பிடித்துக்கொண்டாள். "நரித்தம்பி, இந்த அநியாயத்தைக் கேளு! என் வாசல்ல உட்கார்ந்து ஒரு தவளை என்ன பாடுது தெரியுமா?"

நரிக்குத் தெரியாதா என்ன! குளக்கரையை ஜெயித்துக் கொடுத்தால் அங்குள்ள நண்டெல்லாம் உனக்கே என்று தவளை வாக்குக் கொடுத்திருந்தது. தவளையைக் கூட்டிவந்து அந்தக் குட்டையில் விட்டதே நரிதான். ஆனால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "தெரியும்க்கா. ரொம்ப மட்டமான பாட்டு. நல்லவேளை, காட்டுல வேற ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாவம், தவளைக்கு அவமானமாப் போயிடும்" என்றது.

"சொல்லாம விடுவேனா?" என்று சிலுப்பி சிலிர்த்தாள். "காடு முழுக்கச் சொல்றேன் பாரு. ஒருத்தர்கூட இதைப் பாடக் கூடாது!"

"ஐயோ, வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு நரி மெல்ல நடையைக் கட்டியது.

சிலுப்பி முதலில் மானிடம் போனாள்.

"மானே, இப்படி ஒரு கேவலமான பாட்டை நீ உன் ஆயுசுல கேட்டிருக்க மாட்டே. கேளு! 'கொறக் கொறக் குண்டான், குளத்துக்குள்ளே உருண்டான்.' இது ஒரு பாட்டா? யாரு உருண்டான்? எதுக்கு உருண்டான்? உருண்டு என்ன ஆனான்? ஒண்ணும் கிடையாது! திரும்பவும் 'கொறக் கொறக் குண்டான்'!" பேசப் பேசக் கோபம் ஏறி, அடிக்கு ஒரு தடவை அவள் முள் "சலக் சலக்" என்று குலுங்கியது.

"அடச் சீ! மட்டம்!" என்றது மான். "இன்னொரு தடவை சொல்லு. அந்த உருண்டான் எங்க வருது?"

சிலுப்பி சொல்லிக் காட்டினாள். மான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வருத்தப்பட்டுவிட்டு, துள்ளித் துள்ளிப் போனது. துள்ளுகிற தாளம் சிலுப்பிக்கு எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. ஆனால் அவளுக்கு அதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்? கரடி வீட்டுக்குப் போக வேண்டும்.

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. "ஐயோ அக்கா, கொடுமை! என் பசங்களையும் கூப்பிடுறேன், அவங்களுக்கும் பாடிக் காட்டுங்க. எவ்வளவு மட்டமான பாட்டெல்லாம் உலகத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும்."

பாடிக் காட்டினாள். முயல்களிடம் பாடிக் காட்டினாள். குரங்குகளிடம் போனபோது அவை ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தன. "அக்கா திட்டுற பாட்டு! அக்கா திட்டுற பாட்டு!" என்று கூச்சல் போட்டன. அவள் முள் குலுங்கும் இடம் வந்ததும் எல்லாம் சேர்ந்து கைதட்டின. காடே தன் பக்கம் இருக்கிறது என்று சிலுப்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் கரிச்சான் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தான். "அக்கா, பாட்டுல புதுசா ஓர் அடி சேர்த்திருக்கேன். கொஞ்சம் கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்றீங்களா?"

"அட, போப்பா! எனக்கு இப்ப அதுக்கா நேரம்?" என்றாள் சிலுப்பி. "உன் பாட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கும். மலையோரத்துல காட்டெருமைங்க இன்னும் அந்தத் தவளையோட லட்சணத்தைக் கேட்கலையாம். போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."

கரிச்சான் உச்சிக்கிளைக்குப் பறந்துபோய்த் தனக்குத்தானே பாடிக்கொண்டான்.

வழியில் ஒரு முயல்குட்டி புல் கடித்தபடி முணுமுணுத்தது: "கொறக் கொறக் குண்டான்..."

சிலுப்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய்! அதைப் பாடாதேன்னுதானே சொன்னேன்! எதைப் பாடக் கூடாது? 'கொறக் கொறக் குண்டான், குளத்துக்குள்ளே உருண்டான்.' இதைத்தானே? மறுபடி பாடுவியா? சலக் சலக்!"

"பாட மாட்டேன் அத்தை" என்றது முயல்குட்டி. சொல்லிவிட்டுத் தாளம் தப்பாமல் ஓடிப்போனது.

மழை வந்தது. மாலையில் விலங்குகள் எல்லாம் குளக்கரையில் கூடின. யானைப் பெரியம்மா நடுவில் நின்றாள். கரிச்சான் மருதமரத்தில் உட்கார்ந்திருந்தான். சிலுப்பி குட்டியை முன்னால் நிறுத்திக்கொண்டு, கரிச்சானை அண்ணாந்து பார்த்து, "கவலைப்படாதே. தவளைப் பாட்டை எவனும் பாட மாட்டான். நான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

"மான் வரட்டும்" என்றாள் பெரியம்மா.

மான் குனிந்து ஒரு வாய் குடித்தது. நிமிர்ந்தது. "கொறக் கொறக் குண்டான், குளத்துக்குள்ளே உருண்டான்..." என்று பாடிவிட்டு, குளம்பால் கூழாங்கல்லைத் தட்டியது. சலக் சலக்!

பாடி முடித்ததும் மானுக்கே வெட்கமாகிவிட்டது. "எனக்கு இந்தப் பாட்டைப் பிடிக்கவே பிடிக்காது, பெரியம்மா! சத்தியமா!"

"பிடிக்குமான்னு நான் கேட்கலை. வாயில வந்துச்சா? அடுத்தது யாரு?"

கரடி குடித்தது. குண்டான் உருண்டான். சலக் சலக்! முயல்கள் குடித்தன. குண்டான் உருண்டான். குரங்குகள் காய்ந்த வாகை நெற்றுகளைக் கையோடு பறித்து வந்திருந்தன. பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் அதைக் குலுக்கின. சலக் சலக், சலக் சலக்! காட்டெருமைகள் கொம்போடு கொம்பு உரசின. காடே அதிர்ந்தது.

குட்டையில் இருந்த தவளை பேந்தப் பேந்த விழித்தது. "நரியண்ணே, என் பாட்டுல சலக் சலக் கிடையாதே! இது யார் போட்டது?"

"வாயை மூடுடா, ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றது நரி.

தவளைக்குப் புரியவில்லை. சிலுப்பிக்குப் புரிந்துவிட்டது. தவளையின் குரல் குட்டையைத் தாண்டாது. இத்தனை வாய்களிலும் இருப்பது தவளையின் பாட்டு இல்லை. அவள் திட்டின பாட்டு.

"சிலுப்பி, நீ வா" என்றாள் பெரியம்மா.

ஒரு வாயாவது கரிச்சானுக்காகப் பாட வேண்டாமா? சிலுப்பி ஓடிவந்து தண்ணீர் குடித்து நிமிர்ந்தாள். "விடிஞ்சாச்சு, விடிஞ்சாச்சு, வேரடியில் வெயில் வந்தாச்சு..." என்று உரக்கத் தொடங்கினாள். அதோடு நின்றுவிட்டாள். அடுத்த அடி என்ன? அவள் ஒருநாளும் அதைக் கேட்டதில்லையே! அதற்குள்தான் தூங்கிவிடுவாளே!

திருதிருவென்று விழித்தாள். தன்மேலேயே கோபம் பொங்கியது. முதுகு முள்ளெல்லாம் தானாகச் சிலிர்த்தது.

சலக் சலக்!

கூட்டம் முழுக்க ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தது: "கொறக் கொறக் குண்டான்!"

யானைப் பெரியம்மா பெருமூச்சு விட்டாள். "தீர்ந்தது. தவளைப் பாட்டுதான் காட்டுப்பாட்டு. ஒரு வருஷம் இதை நானும் கேட்டுத் தொலைக்கணுமே, கடவுளே!"

நரி சிலுப்பியின் பக்கத்தில் வந்து பல்லைக் காட்டியது. "ரொம்ப நன்றிக்கா. மைனான்னா பழம் குடுக்கணும். குரங்குன்னா அதுக்கும் ஏதாவது குடுத்தாத்தான் ஆடும். உங்களுக்கு ஒண்ணுமே குடுக்க வேணாம். கோபம் மட்டும் வரவெச்சாப் போதும், காடு முழுக்கக் காலாலேயே நடந்து கொண்டுபோய்ச் சேர்த்துடுறீங்க."

கரிச்சான் புறப்படுவதற்கு முன் தாழ்ந்த கிளைக்கு வந்தான். சிலுப்பி கண்ணீரோடு, "தம்பி, உனக்காகத்தான் நான் காடெல்லாம் அலைஞ்சேன்" என்றாள்.

"தெரியும்க்கா" என்றான் கரிச்சான். "ஆனா, போன இடத்துல யாருக்காவது என் பாட்டைப் பாடிக் காட்டினீங்களா?"

கரிச்சான் மலைக்கு அந்தப் பக்கம் பறந்துபோனான்.

மறுநாள் விடிந்தது. வேரடியில் வெயில் வந்தது. குட்டி புரண்டது, சிணுங்கியது, எழுந்து உட்கார்ந்தது.

"அம்மா, கரிச்சான் மாமா பாட்டைப் பாடும்மா."

"விடிஞ்சாச்சு, விடிஞ்சாச்சு, வேரடியில் வெயில் வந்தாச்சு..." என்று பாடிவிட்டுச் சிலுப்பி நிறுத்தினாள். மறுபடி அதையே பாடினாள். மறுபடியும் அதையே.

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியலைடா கண்ணு."

"அப்ப உனக்கு முழுசாத் தெரிஞ்ச பாட்டைப் பாடு" என்றது குட்டி.

சிலுப்பிக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டுதான்.

நீதி: பிடிக்காததை ஊரெல்லாம் திட்டித் திரிந்தால் அதுதான் வளரும், பிடித்ததை நாலு பேரிடம் வாய் திறந்து சொல்.